பரணிலிருந்து ஏலத்துக்கு: பழைய காமிக்ஸையும் சிறுவயதுச் சேகரிப்பையும் இணையத்தில் விற்கும் முறை

வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் பரணில் கிடந்த தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. அதற்குள் அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் நாலைந்து, அம்புலிமாமா ஒரு கட்டு, ரப்பர் பேண்டு இற்றுப்போய் அட்டையோடு ஒட்டிக்கொண்ட டிரம்ப் கார்டுகள், பழைய நோட்டில் வரிசையாக ஒட்டிய தீப்பெட்டிப் படங்கள் என்று ஏதாவது இருக்கும். பழைய பேப்பர்க்காரரின் தராசில் இவை வெறும் எடைதான். ஆனால் அதே முத்து காமிக்ஸ் இதழைப் பத்து வயதில் யாருக்கோ இரவல் கொடுத்துத் தொலைத்துவிட்டு, அன்றிலிருந்து தேடிக்கொண்டிருப்பவர் மதுரையிலோ சிங்கப்பூரிலோ இருக்கக்கூடும். அவரையும் அவரைப் போன்ற இன்னொருவரையும் ஒரே நேரத்தில் ஒரே பொருளின் முன் கொண்டு வந்து நிறுத்துவதுதான் இணைய ஏலத்தின் வேலை. ஒருவர் மட்டும் வந்தால் அது பேரம். இருவர் வந்தால்தான் ஏலம்.

விலை வைப்பதற்கு முன், அந்தப் பொருளோடு நமக்கு இருக்கும் உறவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தபோது அப்பா வாங்கி வந்த புத்தகம் என்பதற்காக யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள். நான் உயிராக வைத்திருந்த ஓர் இதழ், தொடக்க விலையிலேயே, ஒரே ஒரு கேள்வியோடு, அதாவது ஒருவர் மட்டும் விலை கேட்டதோடு, முடிந்துபோனது. கட்டைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சேர்த்த இன்னோர் இதழுக்கு இரண்டு பேர் இரவு முழுக்க மல்லுக்கு நின்றார்கள். வாங்குபவர் தம்முடைய சிறுவயதுக்குத்தான் பணம் கொடுக்கிறார், நம்முடையதற்கு அல்ல.

முதல் வேலை, கையிலிருப்பது என்ன, எந்த ஆண்டினது என்று தெரிந்துகொள்வது. இதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது, ஏனென்றால் விலையின் பெரும்பகுதி இங்குதான் தீர்மானமாகிறது. அம்புலிமாமா 1947-இல் தொடங்கியது. முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற கதையோடு வந்தது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-இல் வெளிவந்தன. இந்திரஜால் காமிக்ஸ் 1964-இல் தொடங்கி 1990-இல் நின்றது. அட்டையும் முதல் பக்கமும் கிழிந்துபோய் மாதமும் ஆண்டும் தெரியாத இதழ்களுக்கு வேறு தடயங்கள் உண்டு. விலை அணாவில் இருந்தால், 1957 ஏப்ரலில் தசம நாணய முறை வருவதற்கு முன் அச்சானது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘ந.பை.’ என்று இருந்தால், அதாவது நயா பைசா என்றால், 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் அந்த ‘நயா’ கைவிடப்பட்டது. முகவரியில் ‘சென்னை-26’ என்பதைப் போல வெறும் வட்டார எண் மட்டும் இருந்து, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இல்லையென்றால், அந்த எண்முறை அறிமுகமான 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துகளையும் கவனியுங்கள். லை, ளை, னை, ணை ஆகியவை மேலே சுழித்த துதிக்கையோடும், ணா, றா, னா ஆகியவை பழைய கூட்டு வடிவத்தோடும் அச்சாகியிருந்தால், அது 1978-இல் தமிழக அரசு கொண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னைய அச்சு என்பதற்கு ஓர் அறிகுறி. ஆனால் ஈய எழுத்துகளை வைத்திருந்த அச்சகங்கள் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பழைய வடிவங்களையே கோத்து வந்ததால், இதை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிடக் கூடாது.

மறுபதிப்புகள் இன்னொரு பொறி. இரும்புக்கை மாயாவி உட்படப் பழைய கதைகள் பல பின்னாளில் புதிய அட்டையோடும் புதிய விலையோடும் திரும்ப வந்திருக்கின்றன. அவற்றுக்கும் வாங்குபவர்கள் உண்டு, ஆனால் முதல் பதிப்பின் விலை கிடைக்காது. அச்சிட்ட விலை சந்தேகத்தைத் தூண்டினால், ‘எந்தப் பதிப்பு என்று உறுதியாகத் தெரியவில்லை, படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளவும்’ என்று எழுதிவிடுவதே மரியாதை. மல்யுத்த டிரம்ப் கார்டுகளில் இந்த வேலை சுலபம்: அந்த நிறுவனம் 2002 மே மாதத்தில்தான் டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற பெயரை டபிள்யூ டபிள்யூ இ என்று மாற்றிக்கொண்டது, ஆகவே பழைய எழுத்துள்ள கட்டு அதற்கு முந்தைய வடிவமைப்பு. கார்டுகளை எண்ணி, எந்த எண் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டு குறைந்தாலும் அது முழுக் கட்டு அல்ல. அதற்கேற்ப விலையும் இறங்கும்.

இனி நிலை. இங்கே நான் சற்றுக் கறாராகச் சொல்வேன், ஏனென்றால் இதில்தான் நானே சறுக்கினேன். முதன்முதலில் விற்ற முத்து காமிக்ஸ் ஒன்றை ‘நல்ல நிலை’ என்று இரண்டே சொல்லில் எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது: “நடுவில் நாலு பக்கம் இல்லையே சார், அதைச் சின்ன வயதிலேயே கிழித்துவிட்டீர்களா?” ஸ்டேப்ளர் பின் தளர்ந்த இதழில் நடுத்தாள் எப்போதோ நழுவிப் போயிருக்கிறது, அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. பணத்தையும் தபால் செலவையும் திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் எதையும் விற்பதில்லை.

எண்ணும்போதே மற்றவற்றையும் பார்த்துவிடலாம். பின்கள் இரண்டும் இருக்கின்றனவா, துருவேறிச் சுற்றியுள்ள தாளைப் பழுப்பாக்கியிருக்கின்றனவா. போட்டிக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா. குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பியிருக்கிறோமா. வில்லனுக்குப் பேனாவால் மீசை வரைந்திருக்கிறோமா. வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை எத்தனை பக்கங்களில் இருக்கிறது. ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை அட்டையோடு நிற்கிறதா, உள்ளே எழுத்தைத் தின்றிருக்கிறதா. பைண்டு செய்த தொகுப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து இதழ்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த பைண்டர், ஓரம் சமமாக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் வெட்டியிருப்பார். சில வேளை அட்டைகளையே கழற்றி எறிந்திருப்பார். படிப்பவருக்கு அது பொக்கிஷம், சேகரிப்பவருக்குப் பாதி இதழ். பிரித்தெடுத்துத் தனித்தனியாக விற்கலாமே என்று தோன்றும். தையல் ஓட்டையும் பசைத் தடமும் ஒளிக்க முடியாதவை என்பதால், தொகுப்பாகவே விற்பது நல்லது.

செப்பனிடும் ஆசை பொல்லாதது. செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்த அட்டையை எவராலும் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது. சுருக்கம் போக இஸ்திரிப் பெட்டி வைத்தால் மை கிளம்பும். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம், நியூஸ் பிரிண்ட் தாள் அதில் இன்னும் வேகமாகப் பழுக்கும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, நிழலில் ஒரு நாள் காற்றாட வைத்தால் போதும். உள்ளட்டையில் ‘இந்தப் புத்தகத்தைத் திருடாதே’ என்று எழுதி, பெயரும் வகுப்பும் வீட்டு முகவரியும் போட்டிருப்போம். அதை அழிக்க முயலாதீர்கள், அழித்த தடம் எழுத்தைவிட அசிங்கமாகத் தெரியும். படத்தில் மட்டும் முகவரி தெரியும் பகுதியை மறைத்துவிட்டு, ‘பேனா எழுத்து உண்டு’ என்று குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: “முத்து காமிக்ஸ், முதல் பதிப்பு. அட்டை உண்டு, பின்னட்டையின் கீழ்மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கிழிசல். இரண்டு பின்களும் துருப்பிடித்தவை. நடுத்தாள் பின்னிலிருந்து கழன்றுள்ளது, ஆனால் உள்ளே இருக்கிறது. முதல் பக்கத்தில் நீல மையில் பெயர். நூலக முத்திரை இல்லை. பக்கங்கள் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன.” இப்படிக் குறைகளை அடுக்கினால் யார் வாங்குவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. ‘சூப்பர் கண்டிஷன்’ என்ற பதிவைப் பார்க்கும் சேகரிப்பாளர், அதில் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று மனத்துக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறார். எல்லாம் சொல்லியாகிவிட்ட பொருளுக்கு அந்தக் கழிவு இல்லை.

படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. காலை வேளையில், நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில், வெள்ளைத் துணியின் மேல் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பின் இருக்கும் நடுப்பக்கம், விலையும் ஆண்டும் உள்ள பக்கம், பிறகு ஒவ்வொரு குறைக்கும் நெருக்கமான படம் ஒன்று. உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சிறு துண்டுச்சீட்டைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படமாவது எடுப்பது அவசியம், ஏனெனில் பிறர் போட்ட படத்தை எடுத்துப் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவர்களும் உண்டு. அந்தச் சீட்டு நீங்கள் அவர்களில் ஒருவர் அல்ல என்பதைக் காட்டும்.

எங்கே விற்பது என்பது பொருளைப் பொறுத்தது. இந்தியாவுக்குள் இயங்கிய ஈபே ஏலத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டதற்குப் பிறகு, தமிழ் காமிக்ஸ் ஏலத்துக்கு ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் உள்ள சேகரிப்பாளர் குழுக்களே உகந்த இடம். தமிழ் எழுத்தைப் படித்து ஏங்கக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள், தபால்தலை ஆல்பம் போன்ற, மொழி தெரியாதவரும் விரும்பும் பொருட்களை உலக ஈபே தளத்தில் வைக்கலாம். அங்கே முடிந்துபோன விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு; யாரோ கேட்டிருக்கும் விலைக்கும் உண்மையில் கைமாறிய விலைக்கும் உள்ள தூரத்தை அதில் அரை மணி நேரம் செலவழித்தால் புரிந்துகொள்ளலாம். குழுவில் சேர்ந்தவுடன் விற்கத் தொடங்காமல், நாலைந்து ஏலங்களை ஓரமாக நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

குழு ஏலத்தில் தளம் செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்ய வேண்டும், ஆகவே விதிகள் பதிவிலேயே இருக்கட்டும்: தொடக்க விலை, குறைந்தபட்ச ஏற்றம், முடியும் நாளும் நேரமும், தபால் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் பணம் அனுப்ப வேண்டும் என்பவை எல்லாம். இவற்றோடு ஒரு விதியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். முடிவதற்குப் பத்து விநாடி இருக்கும்போது ஒருவர் 10 ரூபாய் ஏற்றிவிட்டுப் பொருளைத் தட்டிச் செல்வது இணைய ஏலத்தின் பழைய வித்தை. ‘கடைசி ஐந்து நிமிடத்தில் புதிய கேள்வி வந்தால் மேலும் ஐந்து நிமிடம் நீளும்’ என்று எழுதிவிட்டால், ஊர்க்கோயில் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி இடைவெளி விடுவதன் பலன் இங்கேயும் கிடைத்துவிடும். முடிந்தவுடன் கருத்துகளைப் படம் பிடித்து வையுங்கள், பின்னால் சிலர் தங்கள் கருத்தைத் திருத்தவோ நீக்கவோ செய்வதுண்டு.

ஈபேயில் நடைமுறை வேறு. அங்கே ஏலத்தை 1, 3, 5, 7 அல்லது 10 நாட்களுக்கு வைக்கலாம். கேட்பவர் தம்முடைய உச்ச வரம்பைச் சொல்லிவிட்டால், அவருக்காகத் தளமே சிறிது சிறிதாக ஏற்றிக் கேட்கும். ஒருவர் 90 டாலர் வரையிலும் மற்றவர் 65 டாலர் வரையிலும் போகத் தயார் என்றால், விலை 90-க்குப் போகாது, 65-ஐ ஒரு படி தாண்டி நிற்கும். இரண்டாமவர் எவ்வளவு தூரம் வருகிறார் என்பதுதான் உங்கள் விலை. இதனால்தான் தலைப்பில் கிடைக்கும் 80 எழுத்து இடத்தை ‘அரிய’, ‘அழகான’ என்று வீணாக்காமல், இதழின் பெயர், எண், ஆண்டு, மொழி என்று தேடுபவர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்களால் நிரப்ப வேண்டும்.

தொடக்க விலையைக் குறைவாக வைத்தால் கூட்டம் சேரும் என்பது உண்மை, ஆனால் தேடுபவர் நாலு பேர் இருக்கும் பொருளுக்கு மட்டுமே அது உண்மை. ஒரே ஒருவருக்கு மட்டும் வேண்டியதாக இருந்தால் 50 ரூபாயில் தொடங்கியது 50 ரூபாயிலேயே முடியும், அதற்குப் பிறகு ‘கொடுக்க மனமில்லை’ என்று பின்வாங்கினால் அந்தக் குழுவில் உங்கள் பெயர் எழாது. எந்த விலைக்கு மேல் போனால் வருத்தப்படமாட்டீர்களோ அதையே தொடக்கமாக வைத்துவிடுங்கள். நண்பரைவிட்டு விலையை ஏற்றச் சொல்லும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஏமாற்று என்பது ஒரு பக்கம் இருக்க, பாதி நேரம் நண்பரே ஏலத்தில் வென்று பொருள் வீட்டிலேயே தங்கிவிடும்.

முடியும் நேரம் என்று ஞாயிறு இரவு 9 மணியை வைப்பது என் வழக்கம். அப்போது துபாயில் இரவு ஏழரை, சிங்கப்பூரில் பதினொன்றரை, லண்டனில் பிற்பகல், டொராண்டோவில் முற்பகல். எல்லா ஊர்த் தமிழரும் விழித்திருக்கும் ஒரு பொழுது. மாதத்தின் முதல் வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. 25-ஆம் தேதிக்குப் பிறகு நடத்திய ஏலங்களில் விலை ஏறவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் சம்பளத் தேதியை மறந்துவிடுகிறார்கள்.

பணம் வாங்குவதில் ஒன்றை நினைவில் வையுங்கள்: யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை. ‘க்யூஆர் அனுப்பியிருக்கிறேன், ஸ்கேன் செய்து எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும்’ என்று சொல்பவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார். ‘பணம் போட்டாயிற்று’ என்ற படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டுங்கள். பெட்டியில் பழைய காசுகளும் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டும் இருந்தால், அதற்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே கட்டணமோ வரியோ கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்பவர்கள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது.

பொட்டலத்துக்கு வருவோம். இதழை முதலில் பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதைவிட நான்கு பக்கமும் அரை அங்குலம் பெரிதான இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஓர் அட்டையின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருந்தால் எந்தப் பக்கமும் மடியாது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் தபால் மூட்டைக்குள் நெளிவின் வழியே மடங்கும், உள்ளிருக்கும் இதழும் கூடவே மடங்கும். டேப் உறையைத் தொடாமல் அட்டைகளை மட்டும் பிடிக்கட்டும், பிரிக்கும் அவசரத்தில் கத்தி உள்ளே போகாமல் இருக்கும். வெளியே இன்னொரு பிளாஸ்டிக் உறை. ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பினால் இரண்டு. சுருட்டி அனுப்பவே கூடாது. கட்டுவதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வைத்தால், பின்னால் வரும் தகராறு பாதியிலேயே நின்றுவிடும். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் செலவை அதற்கேற்பக் கணக்கிட்டு, எடை பார்த்துவிட்டு, ஏலப் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்பதானால், அது ஏற்றுமதி. அதற்கு இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். இணையப் பணச் சேவையான பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டிலிருந்து பெறுவதற்கு அது உதவும். 800 டாலர் வரையிலான பொருட்களுக்கு அமெரிக்கா தந்து வந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு நின்றது. ஆகவே அந்நாட்டுக்கு அனுப்புவதாக அறிவிக்கும் முன் அன்றைய நிலவரத்தைத் தபால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருட்களையும், 75 ஆண்டு கடந்த, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. தாத்தாவின் பெட்டியும் அதே பரணில் இருந்தால் இதை மறக்க வேண்டாம். தந்தத்தில் செய்தவற்றை உள்ளூரிலும் விற்கக் கூடாது. இதழைக் கைமாற்றுவது உங்கள் உரிமை. அதை ஸ்கேன் செய்து கோப்பாக விற்பது பதிப்பாளரின் உரிமையில் கைவைப்பது.

கேள்வியே வராத பொருட்களை மறுவாரமே திரும்பப் போட்டால் சந்தை பார்த்துச் சலித்துவிடும். இரண்டு மாதம் உள்ளே வைத்துவிட்டுத் தொடக்க விலையைக் குறைத்துப் போடுங்கள். அப்போதும் போகாத ஒற்றை இதழ்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டிலும் யாராவது தேடக்கூடிய ஒன்றை வைத்து விற்கலாம்; எது எது உள்ளே இருக்கிறது என்ற பட்டியலோடும், ஒவ்வொன்றின் பக்கங்களையும் எண்ணிய பிறகும்தான்.